ஆளுக்கு ஒரு வரி

தினமும் காலை ஆறேகாலுக்குத் தணிகைவேலின் வீடு அவருக்கு மூன்று செய்திகள் சொல்லும். மழை உண்டா இல்லையா, குடிதண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மனைவி எப்படி இருக்கிறார்.

"பொற்கொடி. கழிமுனை மருத்துவமனை. காய்ச்சல். நிலை சீர்."

வாயில் பிரஷ்ஷோடு "சரி" என்பார் தணிகைவேல். சொல்லாவிட்டால் சுவரில் இருக்கும் அந்தப் பெட்டி விடாது. கேட்டீர்களா, கேட்டீர்களா என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதையே திருப்பிச் சொல்லும். கேட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் வாயை மூடும்.

பொற்கொடி இறந்து பதினோரு மாதம் ஆகிறது. பதினோரு மாதமாக அவள் நிலை சீர். உயிரோடு இருந்த காலத்தில் அவள் இப்படி ஒரே நிலையில் பதினோரு நிமிடம்கூட இருந்தவள் அல்ல.

வீட்டைக் குறை சொல்ல முடியாது. அது பதிவகத்தின் அறிக்கையைப் படிக்கிறது. பதிவகத்தின் அறிக்கையை எழுதியவர் தணிகைவேல்.

அறிக்கை எழுதுவது என்றால் பேனாவை எடுத்து எழுதுவதல்ல. மாநிலத்தில் உள்ள எட்டுக் கோடிப் பேருக்கும் மணிக்கட்டில் ஒரு சில்லு இருந்தது. பிறப்பு, படிப்பு, கல்யாணம், காய்ச்சல், வீடு மாறியது, வேலை போனது என்று ஆள் ஒருவருக்குப் பல்லாயிரம் பதிவுகள் திருச்சிப் பதிவகத்தில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அந்தக் குவியலிலிருந்து எதை, எந்த வரிசையில் காட்டுவது என்று இயந்திரத்துக்குச் சொல்லித் தருவதுதான் அவர் வேலை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இயக்குநர் விமலாதேவி ஒரே தெருவைப் பற்றிய முந்நூறு பக்க அறிக்கை ஒன்றை அவர் மேஜையில் பொத்தென்று போட்டார்.

"தணிகைவேல், இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன். ஆளுக்கு ஒரு வரி குடுங்க. இன்னிக்கு அவங்க என்ன, அது போதும். போன வருஷம் என்னவா இருந்தா எனக்கென்ன?"

அன்று மத்தியானமே, வெங்காய பஜ்ஜி ஆறுவதற்குள், அவர் ஒரு வடிகட்டி எழுதினார். ஒவ்வொரு ஆளுக்கும் கடைசியாகப் பதிந்த பதிவு எதுவோ அதை மட்டும் காட்டு, மற்றதை மறை. மொத்தம் பதினோரு சொற்கள். முந்நூறு பக்கம் நாலு பக்கமானது. விமலாதேவி சந்தோஷத்தில் மிச்சமிருந்த பஜ்ஜியைத் தின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வடிகட்டிக்குக் கைகால் முளைத்தது. இருபது வயதில் சைக்கிள் திருடி உள்ளே போன ஒருவர், ஐம்பது வயதில் எந்த அலுவலகத்தில் மணிக்கட்டை நீட்டினாலும் "எலக்ட்ரீஷியன், நல்ல உடல்நிலை" என்று மட்டும் வந்தது. இரண்டு கல்யாணம் முறிந்த பெண்ணுக்கு யாரும் பழசைக் கிளறாமல் வீடு கிடைத்தது. ஜனங்கள் கொண்டாடினார்கள். கடைசிப் பதிவுச் சட்டம் வந்தது: யாருடைய பழைய பதிவையும் யாரும் பார்க்கக் கூடாது, பதிவகத்தில் வேலை பார்ப்பவர்கள் உட்பட. பழைய பதிவுகளை அழிக்கவில்லை. பீரோவின் அடித்தட்டில் துணி கிடப்பதுபோல அவை பாட்டுக்குக் கிடந்தன. பத்திரிகையில் தணிகைவேலின் போட்டோகூட வந்தது, கீழே வேறொருவர் பெயரோடு.

அது நல்ல சட்டம்தான் என்று அவர் இன்றும் நினைத்தார். நினைத்தார் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம். பதினோரு மாதமாக அவர் எதையும் பெரிதாக நினைப்பதில்லை. சாப்பிட்டார், தூங்கினார், "சரி" என்றார்.

ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், தூறலோடு தூறலாக, அஞ்சலை வந்தாள்.

"சார், ஒரு நிமிஷம் வர்றீங்களா?" என்று கூப்பிட்டது ரூத் சுகிர்தா. புகார் கவுன்டரையும் பார்த்துக்கொண்டு, தணிகைவேல் எழுதுவதைச் சரிபார்க்கும் வேலையையும் செய்பவள். பதிவகத்தில் அவரைப் பார்த்து இன்னும் சிரிக்கிற ஒரே ஆள். மற்றவர்கள் பொற்கொடி போன பிறகு அவரைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

கவுன்டருக்கு வெளியே ஐம்பத்தேழு ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஈரச் சேலை, கையில் பிளாஸ்டிக் பை. சுற்றிலும் மீன் வாசனை.

"நான் செத்துட்டேனாம், தம்பி" என்றாள் அவள், ரேஷனில் பாமாயில் இல்லையாம் என்று சொல்கிற குரலில்.

"உள்ள எப்படிம்மா வந்தீங்க? அப்படிப் பதிஞ்சிருந்தா வாசக்கதவு தொறக்காதே" என்றார் தணிகைவேல்.

"தொறக்காது. டீ வண்டிக்காரரு உள்ள நொழைஞ்சாரு. பின்னாலேயே நானும் நொழைஞ்சிட்டேன். ஊர்லேர்ந்து மீன் லாரில வந்தேன். பஸ்ஸு என்னை ஏத்தாதுல்ல."

ரூத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "அஞ்சலை. கழிமுனை, மீனவர் தெரு. இறப்பு, புயல்." ஒரே வரி.

கழிமுனை என்ற பெயரைப் பார்த்ததும் தணிகைவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"மனு குடுத்தீங்களா?"

"ஒம்பது தடவை, ஊர் ஆபீஸ்ல."

"ஒண்ணுதான் காட்டுது சார்" என்றாள் ரூத், சங்கடமாக. "மனு ரிப்போர்ட்டுக்கும் நம்ம வடிகட்டிதான். கடைசி மனு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் இவங்க முதல் தடவை வந்த மாதிரி. முப்பது நாள் பொறுங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க."

"முப்பது நாள் பொறுத்துட்டு மறுபடி போனா, புது மூஞ்சியப் பாக்குற மாதிரி பாக்குறாங்க தம்பி. ஒருத்தரு என்கிட்ட மூணு தடவை பேரு கேட்டாரு. நாலாந்தடவை நானே ஒரு புதுப் பேரு சொல்லிப் பாத்தேன். அதுக்கும் முப்பது நாளுன்னாரு."

ரூத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அஞ்சலையும் சிரித்தாள். தணிகைவேல் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்பது அவருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"இவ்வளவு நாள் பொறுத்தீங்க. இப்ப என்ன அவசரம்?"

அஞ்சலை சேலைத் தலைப்பை நகர்த்தி இடது தோளுக்குக் கீழே காட்டினாள். தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு மேடு.

"நெஞ்சுல பொட்டி வச்சிருக்கு. இது துடிச்சாத்தான் நான் துடிப்பேன். வருஷத்துக்கு ஒருக்கா ஆஸ்பத்திரில மணிக்கட்டக் காட்டினா அடுத்த வருஷத்துக்கு ஓடவிடுவாங்க. வர்ற வெள்ளிக்கெழமை சாயங்காலத்தோட தவணை முடியுது. காட்டப் போனேன். செத்தவங்களுக்கு ஓடவிட மாட்டோம்னுட்டாங்க."

"அப்ப வெள்ளிக்கிழமை...?"

"ரிப்போர்ட்டு சரியாயிடும்" என்றாள் அஞ்சலை.

ரூத் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எப்படிம்மா இப்படிப் பதிஞ்சாங்க?" என்று கேட்டாள் ரூத்.

"புயல் அடிச்ச மொத நாளு. எங்க வீட்டுக் கூரை மட்டும் தண்ணில மெதந்துது. படகுல கணக்கெடுக்க வந்தவரு அதப் பாத்துட்டு அஞ்சலை போயிட்டான்னு எழுதிட்டாரு. நான் கோயில் மதில் மேல ஆட்டோட ஒக்காந்திருந்தேன். மூணாம் நாளு கண்டுபிடிச்சு, ஆஸ்பத்திரில கொண்டு விட்டாங்க. உசுரோட வந்துட்டான்னு அங்கயும் ஒரு சீட்டு எழுதினாங்க, என் கண்ணு முன்னால. ரோடு தொறக்குற வரைக்கும் அங்கதான் கெடந்தேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா..."

"அதெல்லாம் வேணாம்மா" என்றார் தணிகைவேல். தேவைக்கு மேலேயே வேகமாகச் சொல்லிவிட்டார். "கடைசியா என்ன ஆச்சு, அத மட்டும் சொல்லுங்க."

அஞ்சலை அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "கடைசியா இங்க வந்து நிக்கிறேன் தம்பி."

வியாழக்கிழமை வரச் சொல்லி அனுப்பினார்கள். மீன் மார்க்கெட்டில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தங்கிக்கொள்வேன் என்று போனாள். வாசல் கதவை உள்ளிருந்து ரூத்தான் திறந்துவிட வேண்டியிருந்தது.

அவள் போனதும் ரூத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "உசுரோட வந்த சீட்டு மூணாம் நாள் எழுதினது. செத்த சீட்டு முதல் நாள் எழுதினது. அப்புறம் எப்படி சார் செத்ததுதான் கடைசிப் பதிவா வரும்?"

தணிகைவேல் மறுபடியும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ரூத் அவளாகவே கழிமுனை ஆஸ்பத்திரிப் பதிவு எழுத்தர் மரியசூசையைத் திரையில் பிடித்தாள். வெற்றிலைக் காவி ஏறிய வாயோடு ஒரு பெரியவர் வந்தார்.

"புயலப்போ நாப்பத்தோரு நாள் நெட்வொர்க் இல்லம்மா. எல்லாம் கையாலதான். படகுக் கணக்குக்காரர் சீட்டும் இங்கதான் வந்துச்சு. எழுத எழுத இந்தக் கம்பில குத்தி வச்சோம்." மரக்கட்டையில் நட்ட ஒரு முழக் குத்தூசியை எடுத்துத் திரை முன்னால் பெருமையாகக் காட்டினார். "அடிச்ச காத்துல ஒரு சீட்டுகூடப் பறக்கல, தெரியுமா? நெட்வொர்க் வந்த அன்னிக்கே ஏத்த ஆரம்பிச்சு, ஒரு வாரத்துல முடிச்சிட்டேன்."

"எந்த வரிசைல ஏத்தினீங்கய்யா?"

"மேலேர்ந்துதான்."

"மேல இருந்தது கடைசி நாள் சீட்டா?"

"பின்னே? கம்பில மேல இருக்கறதத்தானேம்மா மொதல்ல எடுக்க முடியும். அடில உள்ளத உருவினா சீட்டு கிழிஞ்சிடாதா? ஒவ்வொண்ணுலயும் நடந்த தேதி, நடந்த நேரம் எல்லாம் சரியாப் போட்டிருக்கேன். வேணும்னா பாத்துக்குங்க."

அவர் சொன்னது சரி. தேதி, நேரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் வடிகட்டி நடந்த நேரத்தைப் பார்ப்பதில்லை, பதிந்த நேரத்தைப் பார்க்கிறது. கம்பியின் அடியில் கிடந்த முதல் நாள் சீட்டுகள் கடைசியாக ஏறின. கடைசியாக ஏறியதால் அவையே கடைசிப் பதிவாகிவிட்டன. கழிமுனைக்காரர்கள் எல்லாரும் புயலின் முதல் நாளுக்குத் திரும்பிப் போய் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

ரூத் இதைப் படிப்படியாக, விரல் விட்டு, உற்சாகமாக விளக்கினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். உற்சாகம் இறங்கியது.

"சார், உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"பதினோரு மாசமா."

"பதினோரு மாசமாவா? ஒரு சொல் சார் இது. பதிந்தன்னு இருக்கறத நடந்தன்னு மாத்தணும். நீங்க எழுதணும், நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். பத்து நிமிஷ வேலை. ஏன் மாத்தல?"

"அஞ்சலையம்மாவுக்கு மட்டும் புதுசா ஒரு பதிவு போட முடியாதா?"

"எப்படிப் போடறது? சித்திரைல வந்த சர்க்குலர மறந்துட்டீங்களா? இறந்தவங்க மேல புதுப் பதிவு ஏறாது." அந்தச் சுற்றறிக்கைக்குக் காரணம், போன தேர்தலில் இறந்தவர்கள் சிலர் உயிரோடிருப்பவர்களைவிட அக்கறையாக ஓட்டுப் போட்டதுதான். அன்றிலிருந்து பஸ்ஸும் கதவும் இறந்தவர்களைக் கண்டுகொள்வதில்லை. "ஒருத்தரோட வரிய மட்டும் கையால தொடறதுக்கும் வழி கிடையாது. எல்லாருக்கும் ஒரே வடிகட்டி. உங்க சட்டம்தான் சார்."

"சோதனை ஓட்டம் போட்டுப் பாருங்க" என்றார் அவர். "மாத்தினா யார் யாருக்கு வரி மாறும்னு."

ரூத் போட்டாள். எட்டுக் கோடிப் பேரையும் சலிக்க நாலு நிமிடம் ஆனது. ஆட்களின் பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் வந்தது.

"இருநூத்திப் பதினாலு பேர். எல்லாம் கழிமுனைதான். நூத்தி எண்பத்திரண்டு பேருக்குச் சில்லறை மாற்றம். காய்ச்சல் சரியாச்சு, குழந்தை பொறந்துச்சு, இந்த மாதிரி. இறப்புலேர்ந்து உயிரோடு மாறறது ஒண்ணு. அது அஞ்சலையம்மா." அவள் நிறுத்தினாள். "உயிரோட இருக்கறவங்க இறப்புக்கு மாறறது முப்பத்தொண்ணு."

"ம்."

"முப்பத்தொரு பேர் செத்துப் போயி, பதினோரு மாசமா உயிரோட காட்டிட்டிருக்கா? முப்பத்தொரு வீட்லயும் காலைல பெட்டி பேசுமே சார். ஒருத்தர்கூடவா கவனிக்கல? ஒரு புகார்கூட வரலியே."

"கவனிச்சிருப்பாங்க" என்றார் தணிகைவேல்.

ரூத் திரையிலிருந்து கையை எடுத்தாள். பொற்கொடி எந்த ஊரில் தலைமையாசிரியையாக இருந்தாள் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"முப்பதுன்னு வச்சுக்குங்க" என்றார் அவர். "முப்பத்தோராவது வீடு என்னோடது."

மழை விட்டிருந்தது. யாரோ குடையை உதறுகிற சத்தம் கேட்டது. அவர் பேசினார், தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு கணக்கைப் பற்றிச் சொல்வதுபோல.

"புயலுக்கு மொத நாள் அவளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரில சேந்தா. அந்தப் பதிவு வந்துச்சு. நிலை சீர். அதோட நெட்வொர்க் போச்சு. நான் கட்டுப்பாட்டு அறைல இருந்தேன், ஞாபகம் இருக்கா? பத்தாம் நாள் படகு விட்டாங்க. சொந்தக்காரங்க போறதுன்னா போலாம்னாங்க. நான் ரிப்போர்ட்டப் பாத்தேன். நிலை சீர்னு இருந்துச்சு. சரி, சீராத்தானே இருக்கா, வேலைய விட்டுட்டு எதுக்குப் போவானேன்னு விட்டுட்டேன். என் ரிப்போர்ட்ட நானே நம்பலன்னா வேற யாரு நம்புவா? பத்தொம்பதாம் நாள் போயிட்டா. நாப்பத்தோராம் நாள் எனக்கு போன் வந்துச்சு. நான் போய்ப் பாக்கறதுக்கு எதுவும் இல்ல. ஊர்க்காரங்களே எல்லாம் முடிச்சிருந்தாங்க. சீட்டெல்லாம் கம்பில இருக்கு சார், ஏத்திடுவோம்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"சார்..."

"ஏத்தினாங்க. மொத நாள் சீட்டு கடைசியா ஏறி, மறுபடியும் நிலை சீர்னு வந்துச்சு. எனக்குக் கோபம் வரல ரூத். அழுகையும் வரல. சரின்னு சொன்னேன். அவ்ளோதான்."

அன்று மாலை அவர் எதுவும் மாற்றவில்லை. ரூத்தும் கேட்கவில்லை.

புதன்கிழமை ஆறேகாலுக்கு வீடு பேசியது. வெயில், தண்ணீர், நிலை சீர். "சரி" என்றார். பிறகு, ஏனென்று தெரியாமல், இன்னொருமுறை "சரி" என்றார். பெட்டிக்கு அது புரியவில்லை.

மத்தியானம் சாப்பிட இறங்கியவர் எதிரே பஸ் நிறுத்தத்தில் அஞ்சலையைப் பார்த்தார். தனியாக நின்றிருந்தாள். ஓட்டுநர் இல்லாத அந்த மஞ்சள் பஸ்கள் மணிக்கட்டுகளைத் தூரத்திலிருந்தே எண்ணிக்கொண்டு வரும். யாராவது இருந்தால் நிற்கும். ஒரு பஸ் வந்தது. அஞ்சலை கையைத் தூக்கினாள். நிறுத்தத்தில் யாரும் இல்லை என்று முடிவு செய்துகொண்டு, தேங்கிய தண்ணீரை அவள் மேல் வாரி அடித்துவிட்டு அது போனது. அவள் திட்டவில்லை. சேலையைப் பிழிந்தாள். அடுத்த பஸ் வந்தது. மறுபடி கையைத் தூக்கினாள். அதுவும் போனது.

மூன்றாவது பஸ் தூரத்தில் தெரிந்தபோது தணிகைவேல் சாலையைக் கடந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். பஸ் நின்றது. கதவு திறந்தது. "வாங்க, ஒருவர்" என்றது.

"ஒங்களாலதான் நின்னுச்சு" என்றாள் அஞ்சலை. "உசுரோட ஒரு ஆளு பக்கத்துல இருந்தாப் போதும். ஏத்திக்கிடும்."

அவளுக்காக அவரும் ஏறினார். அவர் இறங்கினால் கதவு அவளுக்காகத் திறக்காதே என்று மீன் மார்க்கெட் வரைக்கும் போனார். வழியெல்லாம் பஸ் "பயணி ஒருவர், பயணி ஒருவர்" என்று சொல்லிக்கொண்டே வந்தது. அந்த ஒருவர் யார் என்பதில் தணிகைவேலுக்குச் சந்தேகமாக இருந்தது. பதினோரு மாதமாகத் தண்ணியில் நனைந்து, மனுக் கொடுத்து, டீ வண்டிக்குப் பின்னால் ஓடி, பொய்ப் பெயர் சொல்லிப் பார்த்த இந்த அம்மாளையும், பல் தேய்த்துக்கொண்டு சரி சொன்ன தன்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இதில் யார் இறந்தவர் என்று கேட்டால், விவரம் தெரியாத எவரும் அவரைத்தான் காட்டுவார்கள்.

"சாப்பிட்டீங்களா தம்பி?" என்றாள் இறங்கும்போது.

"இல்ல."

"அதான் மூஞ்சி இப்படி இருக்கு."

வியாழக்கிழமை பதினொன்று இருபதுக்கு அவர் ஒரு சொல்லை மாற்றினார். ரூத் சரிபார்த்தாள். கையெழுத்துப் போடும் முன் அவரைப் பார்த்தாள். "போடுங்க" என்றார். வடிகட்டி ஓடி முடிந்தது. எங்கும் மணி அடிக்கவில்லை, விளக்கு அணையவில்லை. முப்பத்தொரு பேர் ஒரே நொடியில், சத்தமில்லாமல் இறந்தார்கள்.

கவுன்டரில் அஞ்சலை மணிக்கட்டை நீட்டினாள். "அஞ்சலை. கழிமுனை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். நிலை சீர்."

"பரவாயில்லையே" என்றாள் அஞ்சலை. அவ்வளவுதான் சொன்னாள். வாசல் கதவு அவளுக்குத் தானாகத் திறந்தது. ஒருமுறை வெளியே போய்விட்டு, திரும்ப உள்ளே வந்து, மறுபடி வெளியே போனாள். ரூத் கவுன்டருக்குக் கீழே குனிந்து மூக்கைச் சிந்தினாள்.

தணிகைவேல் தன் மனைவியின் வரியைப் பார்க்கவில்லை. இறந்தவர்களைப் பற்றி வீடு ஒரே ஒருமுறை சொல்லும், அதற்குப் பிறகு சொல்லாது என்பது விதி. அந்த விதியை எழுதிய குழுவிலும் அவர் இருந்தார். நாளைக் காலை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அதில் என்ன இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இறப்புப் படிவத்தில் கடைசிக் கட்டம் உடனிருந்தவர் பெயர். யாரும் வரவில்லை என்றால் ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டைக் கேட்கத்தான் பதினோரு மாதம் அவருக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை ஆறேகால். மழை உண்டு. தண்ணீர் ஏழரைக்கு.

"பொற்கொடி. கழிமுனை மருத்துவமனை. இறப்பு, புயலின் பத்தொன்பதாம் நாள், மாலை நான்கு பத்து. உடனிருந்தவர்: அஞ்சலை, அடுத்த கட்டில்."

தணிகைவேல் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். சரி என்று சொல்லவில்லை. அரை நிமிடம் பொறுத்து, வீடு அதையே திருப்பிச் சொன்னது. சொல்லட்டும் என்று விட்டார். மூன்றாவது முறை சொன்னது. ஏழாவது முறையோ எட்டாவது முறையோ சொல்லிக்கொண்டிருந்தபோது சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பூட்டிய கதவுக்குப் பின்னால் அது தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது.

மீன் மார்க்கெட்டில் லாரி கிளம்பத் தயாராக நின்றது. அஞ்சலை ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் மத்தியானமே ஆஸ்பத்திரியில் காட்டிப் பெட்டியை ஓடவிட்டாகிவிட்டது, இன்னும் ஒரு வருடத்துக்குக் கவலையில்லை என்று அவரைப் பார்த்ததும் கையை ஆட்டிச் சொன்னாள்.

"வாங்க தம்பி. இன்னிக்காவது சாப்பிட்டீங்களா? வாயெல்லாம் என்ன, நுரை?"

அவர் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா இருந்தாங்கன்னீங்களே."

"ஆமா. பள்ளிக்கூடத்து அம்மா. பொற்கொடின்னு பேரு. நீங்கதான் வேணாம்னுட்டீங்க."

"அவங்க என் சம்சாரம்."

அஞ்சலை கையிலிருந்த இட்லித் துண்டை இலையில் வைத்தாள். அவரை மேலிருந்து கீழ்வரை, தப்பாகப் போட்ட பொத்தான் முதல் செருப்பு வரை, புதிதாகப் பார்த்தாள்.

"ஒரு வரி..." என்றாள் மெதுவாக. "எங்க வீட்டுக்காரரு எத கேட்டாலும் ஒரு வரிதான் பதில் சொல்லுவாருன்னு அந்தம்மா சிரிப்பாங்க. அந்த ஆளு நீங்கதானா?"

தணிகைவேல் தலையை ஆட்டினார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"பதினாறு நாளு ஒண்ணாக் கெடந்தோம் தம்பி. கடைசியா என்ன சொன்னாங்கன்னுதானே கேக்க வந்தீங்க?"

அவர் பக்கத்தில் இருந்த இன்னொரு ஐஸ் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஈரம் வேட்டியில் ஏறியது.

"இல்லக்கா. மூணாம் நாள்லேர்ந்து சொல்லுங்க."

"அது நெறைய ஆவுமே. லாரி போயிடும்."

"போகட்டும். இப்பதான் உங்களுக்கு பஸ் நிக்குமே."

அஞ்சலை யோசித்தாள். பிறகு லாரிக்காரரைப் பார்த்து, நீ போ என்று கையைக் காட்டினாள்.

"மொத நாளு அந்தம்மா என்கிட்ட பேசவே இல்ல" என்று ஆரம்பித்தாள். "கஞ்சில உப்பில்லன்னு நர்ஸம்மாகிட்ட சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க."